அப்பாவின் செக்ரோல் புத்தகத்தில் 2438195760: இது என்ன நம்பர்?

சிப்புட்_லயத்தான்
எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா கிராணியாக (கணக்கு எழுதுகிற எழுத்தராக) இருந்தவர், காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டை (தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு) காலி செய்துகொண்டு நாங்கள் டவுனுக்கு வந்தபோது கூடவே ஒரு தகரப் பெட்டியும் வந்தது. அதை இத்தனை நாள் யாரும் திறக்கவில்லை. போன வாரம் அம்மா கறையான் ஏறுகிறது என்று சத்தம் போட்ட பிறகுதான் திறந்தேன். உள்ளே ஒரு பழைய செக்ரோல் புத்தகம் (தோட்டத்து ஆட்களின் வருகைப் பதிவு), கார்பன் தாள், ரப்பர் பால் சோதிக்கிற மெட்ரோலாக் ஒன்று (கண்ணாடி, இன்னும் உடையவில்லை, எப்படி என்றே தெரியவில்லை).

விஷயம் இதுதான். செக்ரோலின் பின்னட்டையில் பென்சிலில் 2438195760 என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே 1, 2, 3 என்று 18 வரை வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். 19க்கு மட்டும் டிக் இல்லை, பெரிய பெருக்கல் குறி, அதைச் சுற்றி இரண்டு வட்டம், அட்டை குழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறார். ஓரத்தில் ரப்பரால் அழித்த இன்னொரு நம்பரும் இருக்கிறது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 4876391520 என்று படிக்க முடிகிறது.

பேங்க் நம்பரா? மலேசிய அடையாள அட்டையான மைகாட்டுக்கு 12 இலக்கம், அதற்கு முந்தின பழைய ஐசிக்கு 7, இது 10. அம்மாவைக் கேட்டால் "அவர் எதையாவது கிறுக்கிக்கிட்டே இருப்பாரு" என்பதோடு சரி. யாருக்காவது புரிகிறதா?

தே_ஓ_கோசோங்
அண்ணே இதுக்குப் போய் யோசிச்சுக்கிட்டு. கடைசி நாலு 5760. இன்றைக்குச் சனிக்கிழமை, நாலு நம்பர் லாட்டரிக் கடை ஏழு மணி வரைக்கும் திறந்திருக்கும். அப்பாவே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு, இதைவிட என்ன வேணும்?

பதினேழாங்கட்டை
நில கிராண்ட் (பட்டா) நம்பராக இருக்குமோ என்று பார்த்தேன், ஆனால் அதற்கு எதற்கு 1 முதல் 18 வரை டிக்? 18 பேர் கூட்டுச்சீட்டு பிடித்த கணக்காக இருக்கலாம், 19ஆவது ஆள் பணம் கட்டாமல் ஓடியிருப்பான். அந்த வட்டத்தின் கோபத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

வாய்ப்பாட்டு_டீச்சர்
தம்பி, சீட்டும் இல்லை கிராண்டும் இல்லை. இது கணக்கு.

முதலில் இலக்கங்களைப் பாருங்கள்: 2, 4, 3, 8, 1, 9, 5, 7, 6, 0. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பத்தும் இருக்கின்றன, எதுவும் இரண்டாம் தடவை வரவில்லை. பத்து இலக்க எண்கள் மொத்தம் 900 கோடி, அதில் இப்படி அமைவது 3,265,920 மட்டும்தான். அதாவது கண்ணை மூடிக்கொண்டு பத்து இலக்க எண் ஒன்றை எடுத்தால், ஏறக்குறைய 2,756இல் ஒன்றுதான் இப்படி வரும். தற்செயலாக வந்ததில்லை.

அடுத்து டிக். 1 முதல் 18 வரை எதனால் வகுத்தாலும் இந்த எண் மீதியில்லாமல் போகிறது, 19ஆல் போகாது. அப்பா அதைத்தான் குறித்திருக்கிறார். நான் இப்போதுதான் கடைப் பில்லின் பின்பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன், எல்லாம் சரி.

தே_ஓ_கோசோங்
டீச்சர், கால்குலேட்டர் இல்லாமலா? சும்மா சொல்லாதீங்க.

வாய்ப்பாட்டு_டீச்சர்
கால்குலேட்டர் எதற்கு? பதினெட்டு தடவை வகுக்கத் தேவையே இல்லை. 5, 7, 9, 11, 13, 16, 17 என்ற ஏழும் போனால் மற்றவை தானாகப் போகும். 16 போனால் 2, 4, 8 போயிற்று, 9 போனால் 3 போயிற்று, 14 என்பது இரண்டும் ஏழும், 15 என்பது மூன்றும் ஐந்தும், இப்படியே.

5: கடைசியில் 0, முடிந்தது. 16: கடைசி நான்கு இலக்கம் 5760, அது 16 × 360. (நம் கோசோங் தம்பி வாங்கச் சொல்கிற அதே 5760.) 9: இலக்கங்களைக் கூட்டினால் 45. இதில் வேடிக்கை என்னவென்றால் பத்து இலக்கத்தையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை 45தான், ஆகவே அந்த 3,265,920 எண்களும் 9ஆல் வகுபடும், அதில் ஒன்றுகூடப் பகா எண் ஆகாது. ஒன்பதுக்கான டிக் இனாம்.

மிச்சம் 7, 11, 13, 17. நம்ம ஊரில் போடுகிற மாதிரி மும்மூன்றாகக் கமா போட்டு எழுதுங்கள்: 2,438,195,760. இப்போது வலப்பக்கத் துண்டிலிருந்து ஆரம்பித்து ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

760 − 195 = 565
565 + 438 = 1003
1003 − 2 = 1001

1001 என்பது 7 × 11 × 13. மூன்றும் ஒரே அடியில் போய்விட்டது. 1001இன் ஏதோ ஒரு மடங்கு வரும் என்றுதான் நினைத்தேன், 1001ஏ வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

சிப்புட்_லயத்தான்
டீச்சர், ஏன் கூட்டிக் கழிக்க வேண்டும்? அது எப்படி 7க்கும் 13க்கும் தெரியும்?

வாய்ப்பாட்டு_டீச்சர்
ஆயிரம் என்பது 1001க்கு ஒன்று குறைவு. 1001ஆல் வகுத்து மீதி பார்க்கிறபோது ஆயிரத்துக்குப் பதிலாக "−1" என்று வைத்துக்கொள்ளலாம். 195 ஆயிரம் என்றால் −195. பத்து லட்சம் என்பது ஆயிரம் தடவை ஆயிரம், −1 தடவை −1, மறுபடி +1. அதனால் 438 கூட்டலில் வருகிறது. அதற்கு மேலே போனால் மறுபடி கழித்தல். அவ்வளவுதான். பள்ளியில் இதை ஒரு தடவை செய்துகாட்டினால் போதும், பிள்ளைகள் ரோட்டில் போகிற லாரி நம்பரைக்கூட விடமாட்டார்கள்.

கடாரத்து_மருமகன்
நான் தமிழ்நாட்டிலிருந்து கெடாவுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் ஊரில் இதை 2,43,81,95,760 என்று எழுதுவோம், இருநூற்று நாற்பத்து மூன்று கோடியே எண்பத்தொரு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரத்து எழுநூற்று அறுபது என்று வாய் நிறையச் சொல்லலாம். இங்கே இரண்டு பில்லியன் சொச்சம் என்கிறார்கள், பசியே அடங்காது.

இருக்கட்டும். இரண்டிரண்டாகப் பிரித்துக் கூட்டினால் 11 தெரியும் என்று படித்த ஞாபகம். கூட்டினேன்: 2 + 43 + 81 + 95 + 760 = 981. 981 என்பது 9 × 109. 11 அதில் இல்லையே! டீச்சர் எங்கேயோ தவறிவிட்டார்களோ?

பினாங்கு_பைத்தான்
மாப்பிள்ளை, டீச்சர் தவறவில்லை, உங்கள் கமா தவறிவிட்டது. லட்சக் கமாவில் கடைசித் துண்டுக்கு மட்டும் மூன்று இலக்கம். இரண்டிரண்டு என்றால் கடைசியிலிருந்தே இரண்டிரண்டாக வெட்ட வேண்டும்: 24 | 38 | 19 | 57 | 60. இப்போது கூட்டுங்கள். 198. அது 99 × 2. நூறு என்பது 99க்கு ஒன்று அதிகம், அதனால் இங்கே கழித்தல் இல்லாமல் வெறும் கூட்டல். 9க்கும் 11க்கும் சேர்த்தே டிக் போட்டாயிற்று.

மும்மூன்றாக வெட்டினால் 7, 11, 13. இரண்டிரண்டாக வெட்டினால் 9, 11. எங்கே வெட்டுகிறீர்களோ அதற்கேற்ற பக்கம்தான் தெரியும், வெட்டாமல் பார்த்தால் வெறும் பத்து இலக்கம்.

கடாரத்து_மருமகன்
ஆமாம்ல. 198. மன்னிக்கவும் டீச்சர்.

பதினேழாங்கட்டை
என் பெயருக்காவது 17ஐ நான் பார்க்கிறேன். எங்கள் தாத்தா சொல்லிக்கொடுத்த வழி: கடைசி இலக்கத்தை வெட்டி, அதை ஐந்தால் பெருக்கி, மிச்சத்திலிருந்து கழி. முதலில் கடைசிப் பூஜ்யத்தைத் தூக்கிவிட்டேன்.

243819576
24381957 − 30 = 24381927
2438192 − 35 = 2438157
243815 − 35 = 243780, பூஜ்யத்தைத் தூக்கினால் 24378
2437 − 40 = 2397
239 − 35 = 204
20 − 20 = 0

பூஜ்யம்! 17 போகிறது. ஏன் ஐந்து என்று தாத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பினாங்கு_பைத்தான்
51 என்பது 17 × 3, அதுதான் காரணம். கடைசி இலக்கத்தின் ஐந்து மடங்கை அந்தப் பத்தாமிடத்திலிருந்து கழித்தால் 50 மடங்கு போகிறது, வெட்டி எடுத்ததில் ஒரு மடங்கு ஏற்கெனவே போயிருக்கிறது, ஆக மொத்தம் 51 மடங்கு. 17க்கு அது தெரியவே தெரியாது.

19க்கு இதேபோல் கடைசி இலக்கத்தை இரட்டித்துக் கூட்ட வேண்டும். செய்து பார்த்தேன், கடைசியில் 24 + 8 = 32இல் வந்து நிற்கிறது. 32இல் 19 போகாது. நேராக வகுத்தால் மீதி 12. அந்தப் பெருக்கல் குறி நியாயம்தான். ஆனால் 20, 21, 22, 24, 26, 28, 30 எல்லாவற்றாலும் வகுபடுகிறது, ஐயா அதற்கெல்லாம் டிக் போடவில்லை. வரிசை அறுந்தால் அறுந்ததுதான் என்று விட்டிருப்பார் போல.

பாரம்_ஐந்து
நான் இன்னும் பள்ளியில்தான் படிக்கிறேன், சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து இலக்கமும் வருகிற மாதிரி எனக்குத் தெரிந்தது 3816547290. முதல் இரண்டு இலக்கம் 38, 2ஆல் போகும். முதல் மூன்று 381, 3ஆல் போகும். 3816, 4ஆல். 38165, 5ஆல். இப்படியே பத்து வரைக்கும் போகும். 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களை ஒவ்வொரு தடவை வைத்து இப்படி அமைவது இது ஒன்றே ஒன்றுதான்.

அப்புறம் 99066ஐ அதே 99066ஆல் பெருக்கினால் 9814072356. அதிலும் பத்து இலக்கமும் இருக்கின்றன. பத்து இலக்கமும் ஒவ்வொரு தடவை வருகிற வர்க்க எண்களில் இதுதான் பெரியது. 99066ஐத் தலைகீழாகத் திருப்பினாலும் 99066தான்.

வாய்ப்பாட்டு_டீச்சர்
யாருடைய பிள்ளை நீ? நன்றாக இரு.

செல்லாக்காசு
எல்லாம் சரி, ஆனால் இப்படி ஆளாளுக்கு உருகுவதற்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். இந்த மாதிரி எண்கள் புதிர்ப் புத்தகங்களில் எத்தனையோ வந்திருக்கின்றன. அந்தக் காலத்து வாரப் பத்திரிகையில் ஒரு மூலையில் துணுக்காகப் படித்திருப்பார், பிடித்துப்போய் எழுதிவைத்து, சரிதானா என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து டிக் போட்டிருப்பார். அவ்வளவுதான். தோட்டத்துக் கிராணி பால் எடை போட்டுக்கொண்டே பத்து இலக்க எண்ணைத் தானே கண்டுபிடித்தார் என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம்.

சிப்புட்_லயத்தான்
இருக்கலாம். நான் அவர் கண்டுபிடித்தார் என்று சொல்லவே இல்லையே. ஆனால் "தோட்டத்துக் கிராணி" என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் நம்பர் பெரட்டு (ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது) கலைவதற்குள் நூற்றிருபது பேருக்கு மனக்கணக்கிலேயே கூலி சொல்கிற ஆள் அவர். பிக்குல், காத்தி, தாகில் என்ற பழைய எடை அளவெல்லாம் தலைக்குள்ளே ஓடும். ஒரு காத்திக்கு 16 தாகில், 100 காத்தி ஒரு பிக்குல், 16ஆல் வகுப்பதெல்லாம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி.

நடத்துநர்
சண்டை வேண்டாம். கணிதத்தை எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்று இரண்டு பேர் ஆரம்பித்ததையும் நீக்கிவிட்டேன், அதற்கு வேறு இழை இருக்கிறது, 2003இலிருந்து நாம் போட்டுக்கொண்டிருக்கிற சண்டையை அங்கே போய்ப் போடலாம்.

பினாங்கு_பைத்தான்
கோபப்படாமல் கணக்காகவே பார்க்கலாம். 1 முதல் 18 வரை எல்லாவற்றாலும் வகுபடுகிற ஆகச் சிறிய எண் எது? மீச்சிறு பொது மடங்கு. 16 × 9 × 5 = 720, அதை 1001ஆல் பெருக்கினால் 720720, அதை 17ஆல் பெருக்கினால் 12252240. நமக்கு வேண்டிய எண் இதன் மடங்காகத்தான் இருக்க முடியும். பத்து இலக்கமும் வேறுவேறாக உள்ள ஆகச் சிறிய எண் 1023456789, ஆகப் பெரியது 9876543210. ஆகவே 84ஆம் மடங்கிலிருந்து 806ஆம் மடங்கு வரை, மொத்தம் 723 எண்கள். அவ்வளவுதான் தேட வேண்டிய காடு.

நான் நான்கு வரி புரோகிராம் எழுதி ஓடவிட்டேன். 723இல் நான்குதான் தேறுகிறது:

199ஆம் மடங்கு 2438195760
309ஆம் மடங்கு 3785942160
388ஆம் மடங்கு 4753869120
398ஆம் மடங்கு 4876391520

அழித்து வைத்திருக்கிற இரண்டாவது நம்பர் கடைசியில் இருக்கிறது பாருங்கள். 398 என்பது 199 × 2. முதல் நம்பரை அப்படியே இரட்டித்தால் இரண்டாவது, அதிலும் பத்து இலக்கம் ஒன்றுகூடக் குலையவில்லை. (மூன்று மடங்கு ஆக்கினால் 7314587280, குலைந்துவிடுகிறது. நான்கு மடங்கும் அப்படியே.)

கூடுதலாக ஒன்று. நான்கு எண்ணிலும் ஒன்று விட்டு ஒன்று இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் 17, இன்னொரு பக்கம் 28. நான்கிலும்! முதலில் ஏதோ அதிசயம் என்று நினைத்தேன், அப்புறம்தான் புரிந்தது, வேறு வழியே இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து 45, 11ஆல் வகுபட வேண்டுமானால் வித்தியாசம் 0, 11, 22, 33 என்று இருக்க வேண்டும், 45 ஒற்றைப்படை என்பதால் 0, 22 ஆகாது, 33 என்றால் ஒரு பக்கம் வெறும் 6 வரவேண்டும், ஐந்து வெவ்வேறு இலக்கத்தை எப்படிக் கூட்டினாலும் 10க்குக் குறையாது. மிச்சம் 11 ஒன்றுதான். 17, 28.

வாய்ப்பாட்டு_டீச்சர்
இது எனக்கே புதுசு, பைத்தான். இருபத்தெட்டு வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன்.

செல்லாக்காசு தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். 84இலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மடங்காகக் கூட்டிக்கொண்டே போனால் 199 எத்தனையாவது தடவையில் வரும்? 116. ஒவ்வொரு தடவையும் பெருக்கத் தேவையில்லை, முந்தினதோடு 12252240ஐக் கூட்டினால் போதும், கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டால் ஏழு இலக்கக் கூட்டல். 116 கூட்டல் என்பது ஒரு கிராணிக்கு எத்தனை ராத்திரி வேலை? சம்பளத்துக்கு முந்தின நாள் இதைவிட அதிகமாகக் கூட்டியிருப்பார்.

இன்னொன்று. புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர் நான்கு எண்ணையும் எழுதியிருப்பார். இவரிடம் இருப்பது இரண்டு, அதிலும் இரண்டாவது முதலாவதன் இரட்டை. நடுவில் இருக்கிற 309உம் 388உம் இல்லை. 199இல் கிடைத்தவுடன் சந்தோஷத்தில் நிறுத்திவிட்டு, சும்மா இரட்டித்துப் பார்த்தால் அதுவும் வந்துவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. 309க்குப் போக இன்னும் 110 கூட்டல் போட வேண்டும், யார் போடுவது?

செல்லாக்காசு
டீச்சர் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்திலும் ஆகச் சிறியதை மட்டும் போட்டிருக்கலாமே, இரட்டித்தது மட்டும் இவர் வேலையாக இருக்கலாமே. பின்னட்டையை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உள்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று அண்ணன் பார்த்தாரா?

சிப்புட்_லயத்தான்
இல்லை. பேர்ப் பதிவுதான் என்று புரட்டாமல் விட்டுவிட்டேன். அம்மா பெட்டியை வெயிலில் வைத்திருக்கிறார், ராத்திரி பார்க்கிறேன்.

தே_ஓ_கோசோங்
அதுக்குள்ள 5760 முடிவு வந்துடும்.

பதினேழாங்கட்டை
தம்பி, நாலு நம்பரில் 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் சீட்டும் ஒன்றுதான். 16ஆல் வகுபடும் என்பதற்காக உருளை நின்று விழாது.

தே_ஓ_கோசோங்
அப்படிச் சொல்ற ஆளு உங்க வீட்டுக் கதவு நம்பரைப் போன மாசம் எடுத்ததா யாரோ சொன்னாங்க.

சிப்புட்_லயத்தான்
பார்த்துவிட்டேன். தூக்கம் போய்விட்டது.

செக்ரோல் பார்த்திராதவர்களுக்கு: ஒரு பக்கத்தில் இடப்புறம் பெயர், அதற்கு நேரே தேதி வாரியாக 31 சின்னக் கட்டங்கள், வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு. இந்தப் புத்தகத்தில் பாதிக்கு மேல் பெயரே இல்லாத வெற்றுப் பக்கங்கள். அதில் கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எண்களை எழுதியிருக்கிறார். பெயர் எழுதுகிற இடத்தில் 84, 85, 86 என்று போகிறது. முதல் வரி 102918816. பைத்தான் சொன்ன 12252240ஐ 84ஆல் பெருக்கிக் கடைசிப் பூஜ்யத்தை விட்டால் இதுதான் வருகிறது, இப்போதே போனில் பெருக்கிப் பார்த்தேன்.

ஒவ்வொரு வரியிலும் ஒரு புள்ளி இருக்கிறது. முதலில் ஏன் என்று புரியவில்லை. வந்த இலக்கம் மறுபடி வருகிற கட்டத்தில் வைத்திருக்கிறார், அதற்கு மேல் அந்த வரியைப் பார்க்கத் தேவையில்லை என்று. கடைசிப் பூஜ்யத்தை விட்டதால் நடுவில் 0 வந்தாலும் புள்ளி. முதல் வரியில் இரண்டாவது கட்டத்திலேயே புள்ளி. அப்படியே கீழே வர வர, புள்ளி சில வரியில் மூன்றில், சிலதில் ஐந்தில், ஒன்றிரண்டில் ஏழில். பக்கத்துக்கு 29 வரி. சரியாக நான்கு பக்கம். நான்காவது பக்கத்தின் கடைசி வரி 243819576. புள்ளி இல்லை. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை, கோடு போடவில்லை, ஆனால் அந்த வரியில் மட்டும் பென்சிலைச் சீவிவிட்டு எழுதின மாதிரி எழுத்து மெலிசாக இருக்கிறது. ஒருவேளை பிறகு மறுபடி எழுதியிருப்பார்.

வாய்ப்பாட்டு_டீச்சர்
29 × 4 = 116.

செல்லாக்காசு
சரி. என் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "தோட்டத்துக் கிராணி" என்று சொன்னதையும் சேர்த்து.

பினாங்கு_பைத்தான்
நான் எழுதின புரோகிராமும் அதையேதான் செய்கிறது அண்ணே. இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார், திரும்ப வந்தால் அந்த எண்ணை விடு, அடுத்ததுக்குப் போ. புள்ளி வைக்கிற வரிகூட அதில் இருக்கிறது.

அதற்கப்புறம் ஏதாவது இருக்கிறதா? 19க்கு அவ்வளவு அழுத்தி வட்டம் போட்டவர் சும்மா விட்டிருப்பாரா?

சிப்புட்_லயத்தான்
விடவில்லை. ஒரு பக்கம் தள்ளி மறுபடி ஆரம்பிக்கிறது. இந்தத் தடவை பெயர் இடத்தில் 5, 6, 7. முதல் வரி 116396280. இது என்ன கணக்கு?

பினாங்கு_பைத்தான்
12252240ஐ 19ஆல் பெருக்குங்கள், 232792560. 1 முதல் 19 வரை எல்லாவற்றாலும் வகுபடுகிற ஆகச் சிறிய எண். அதன் 5ஆம் மடங்கில் பூஜ்யத்தை விட்டால் 116396280. அவர் அடுத்ததுக்குப் போய்விட்டார்! இதில் காடு சின்னது, 5இலிருந்து 42 வரை மொத்தம் 38 வரிதான். எந்த வரியில் முடிகிறது?

சிப்புட்_லயத்தான்
26இல் நிற்கிறது. 605260656, இரண்டாவது கட்டத்தில் புள்ளி. பெயர் இடத்தில் 27 என்று எழுதியிருக்கிறார், கட்டங்கள் காலி. அடுத்த பக்கமும் காலி, அதற்கடுத்ததும். ஏன் விட்டார் என்று தெரியவில்லை. மாசக் கடைசியாக இருந்திருக்கும், செக்ரோல் முடிக்கக் கூப்பிட்டிருப்பார்கள்.

பினாங்கு_பைத்தான்
நான் ஓடவிட்டுச் சொல்லவா? ஒரு நொடி வேலை.

சிப்புட்_லயத்தான்
வேண்டாம். 16 வரிதான் பாக்கி.

சிப்புட்_லயத்தான்
முடித்துவிட்டோம். என் மகள் பாரம் ஒன்று (இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம்) படிக்கிறாள், அவள் கூட்ட, நான் கட்டத்தில் எழுத, புள்ளி வைக்கிற வேலை அவளுக்கு. புத்தகத்தில் எழுத மனசு வரவில்லை என்றேன், "தாத்தாதான் 27னு எழுதி வச்சிருக்காரே" என்று சொல்லிவிட்டாள், அதனால் அதே பக்கத்தில், பென்சிலில்.

27ஆவது வரி 628539912. ஆறு கட்டம் வரை புள்ளி இல்லை, ஏழாவதில் 9 திரும்ப வந்துவிட்டது. அதற்கப்புறம் பெரும்பாலும் சீக்கிரமே விழுந்தது, 32இல் மூன்றாவது கட்டத்திலேயே 4க்கு மேல் 4. 33தான் எங்களை ஏமாற்றியது. 7, 6, 8, 2, 1, 5, 4, ஏழும் வேறுவேறு, இரண்டு கட்டம்தான் பாக்கி, 3உம் 9உம் வந்தால் முடிந்தது, மகள் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டாள். எட்டாவது கட்டம் 4. ஒன்பதாவது 8. கடைசி வரி 42, 977728752, மூன்றாவது கட்டத்தில் புள்ளி.

ஆக 38 வரியிலும் இல்லை. 19க்கு அந்தப் பெருக்கல் குறி போட்டது சரிதான்.

வாய்ப்பாட்டு_டீச்சர்
33ஐ நானும் கூட்டிப் பார்த்தேன் தம்பி. 768215448. பாப்பா சரியாகத்தான் புள்ளி வைத்திருக்கிறாள்.

செல்லாக்காசு
அந்த நான்கு பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணே.

சிப்புட்_லயத்தான்
நாளைக்குப் பகலில் போடுகிறேன். டியூப் லைட்டில் எடுத்தால் அப்பா எழுத்து விழவில்லை, எங்கள் எழுத்து மட்டும்தான் தெரிகிறது.

தே_ஓ_கோசோங்
5760க்கு ஆறுதல் பரிசுகூட விழல. 309ஆம் மடங்கில் கடைசி நாலு 2160 தானே? புதன்கிழமை பார்க்கலாம்.